ஆறு மாதக் குழந்தையுடன் வெளிநாட்டுப் பயணம் போகலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இப்போது நாலரை மாதம். அவளுக்கு ஆறு மாதம் முடிகிற நேரத்தில் பத்து நாள் விடுமுறைக்கு வெளிநாடு போக நினைத்திருக்கிறோம். எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. விமானத்தில் ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். தாய்ப்பாலோடு தினமும் ஒரு வேளை புட்டிப்பாலும் குடிக்கிறாள். "இந்தப் பச்சைக் குழந்தையை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்" என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். போகலாமா? விமானத்தில் காது வலிக்குமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

பதில்: தாராளமாகப் போகலாம். நிறைமாதத்தில் பிறந்து, எடை ஒழுங்காக ஏறிவரும் குழந்தைக்கு இது பயணத்துக்கு நல்ல வயது. இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை, முக்கால்வாசிச் சாப்பாடு உங்களிடமே இருக்கிறது.

பெரியவர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்க வேண்டிவரும். தெரியாத ஊரில் அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது என்பதால், மிகச் சின்னக் குழந்தைகளின் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். குறைப்பிரசவத்தில் பிறந்தவள் என்றாலோ, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தாலோ மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும், மற்றக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் போகலாம்.

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: கிளம்பும் தேதியை ஆறு மாதம் முடிந்து இரண்டு வாரமாவது கழித்து வையுங்கள். காரணம் தட்டம்மை. வழக்கமான அட்டவணைப்படி அந்தத் தடுப்பூசி ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதத்தில்தான் வரும். ஆனால் வெளிநாடு போகும் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததுமே முன்கூட்டி ஒரு டோஸ் போடலாம். அது வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். இந்த டோஸ் கணக்கில் சேராது, அட்டவணைப்படி வரவேண்டிய ஊசிகளை அப்புறம் மறக்காமல் போட வேண்டும். கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், எந்த நாடு என்பதையும் சொல்லிவிடுங்கள். தேவையானதைத் திட்டமிட நேரம் இருக்கும்.

காது வலியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எல்லாப் பெற்றோரும் விமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் குழந்தை விமானத்தில் இருக்கப்போவது சில மணி நேரம், இறங்கும் ஊரில் பத்து நாள். இடத்தை நீங்கள் இன்னும் முடிவு செய்யாதது நல்லதாகப் போயிற்று. மலேரியா இருக்கும் பகுதி வேண்டவே வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடுகளையும் விட்டுவிடுங்கள், அந்த ஊசியை வழக்கமாக ஒன்பது மாதத்துக்கு முன் போடுவதில்லை. 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் மலை ஊர்களும் இப்போது வேண்டாம். தலை வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அவளால் சொல்ல முடியாது. அழுகைக்குக் காரணம் பசியா உயரமா என்று உங்களுக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர முடிகிற இடமா என்று பாருங்கள். பத்து நாளில் நான்கு ஊர் சுற்றாமல் ஒரே இடத்தில் தங்கினால் அவள் தூக்கமும் கெடாது, உங்களுக்கும் அது உண்மையான விடுமுறையாக இருக்கும்.

அடுத்தது பால். தாய்ப்பால்தான் பயணத்தில் உங்களுக்குப் பெரிய பலம். விமானத்தில் போகும் நாளில் புட்டிப்பாலைத் தவிர்த்து, தாய்ப்பாலையே கூட ஒரு தடவை கொடுக்க முடிந்தால் பாதிச் சுமை குறையும். மற்ற நாட்களில் புட்டிப்பால் வேண்டும் என்றால், பால் பவுடர் கிருமி நீக்கப்பட்டது அல்ல என்பதை மனதில் வையுங்கள். டப்பாவைத் திறக்கும் முன்பே அதில் கிருமி இருக்கலாம். அதனால்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலக்கச் சொல்கிறோம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலந்தால் சரியாக இருக்கும். பிறகு மூடிய புட்டியைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். பாட்டில் தண்ணீரும் கிருமி நீக்கப்பட்டது அல்ல, அதையும் கொதிக்கவைக்க வேண்டும். லேபிளில் சோடியம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சில மினரல் வாட்டர்களில் உப்பு அதிகம். பவுடரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், புது ஊரில் புது பிராண்டைச் சோதிக்க வேண்டாம்.

திட உணவு ஆரம்பிக்கும் வயதும் இதுவே. பயணத்தின் நடுவில் அதை ஆரம்பிக்காதீர்கள். ஒன்று, கிளம்புமுன் தொடங்கி ஒத்துக்கொண்ட இரண்டு மூன்று உணவுகளோடு போங்கள். இல்லையென்றால் திரும்பி வந்த பிறகு தொடங்குங்கள். வெளியூரில் வயிற்றுப்போக்கு வந்தால் காரணம் புது உணவா, கிருமியா என்று பிரித்தறியவே முடியாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும், எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மருந்துப் பையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமால் எல்லா நாட்டிலும் கிடைக்கும், ஆனால் அதன் செறிவு ஒன்றாக இருக்காது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250 இருக்கும். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 70 முதல் 105 மில்லிகிராம் போதும். வீட்டில் கொடுத்துப் பழகிய மில்லி அளவிலேயே வேறு நாட்டு மருந்தை ஊற்றினால் பல மடங்கு கூடிவிடலாம். ஆகவே வீட்டில் உள்ள அதே மருந்தை, அதன் அளவுக் குழாயோடு எடுத்துப்போங்கள். கிளம்பும் வாரம் எடை பார்த்து, எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்தோ அலர்ஜி மருந்தோ கொடுக்கவே கூடாது. சில குழந்தைகளை அது தூங்கவைக்காமல் இன்னும் ஆர்ப்பாட்டம் செய்யவைக்கும், மூச்சையும் பாதிக்கலாம்.

இப்போது உங்கள் காது வலிக் கேள்வி. வலி பெரும்பாலும் ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வரும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் கீழே வரத் தொடங்கிவிடும். அப்போது பால் கொடுங்கள். உறிஞ்சி விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சிக்கல் எங்கே என்றால், அதற்குச் சற்று முன்புதான் வயிறு நிறையக் குடித்திருப்பாள், பிறகு தொடவே மாட்டாள். அதனால் முந்தைய பாலைக் கொஞ்சம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். சூப்பியும் உதவும். கடும் சளியோ காதில் தொற்றோ இருந்தால் பறக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிக்கெட் போடும்போதே தொட்டில் பொருத்தும் முன்வரிசை இருக்கையைக் கேளுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் விசாரியுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் பொதுவாகக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், தனி இருக்கையில் விமானத்துக்கு அனுமதி பெற்ற கார் சீட்தான் அதிகப் பாதுகாப்பு. பணம் இடம் கொடுத்தால் அதையே செய்யுங்கள், போய் இறங்கிய பிறகு டாக்ஸிக்கும் அந்த சீட் வேண்டும்.

ஆறு மாதத்தில் வெயிலுக்கு நிழலும் தொப்பியும் முழுக்கை உடையும்தான் முதல் பாதுகாப்பு, மூடாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். கொசுவுக்கு வலை. இரவில் மல்லாத்திப் படுக்கவைக்க, தட்டையான கெட்டி மெத்தையுள்ள தொட்டில் அறையில் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், தேவையான இடத்தில் விசாவும் தனி. இன்றே விண்ணப்பியுங்கள். பயணக் காப்பீட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தைப் பல நாடுகள் கேட்கும்.

திரும்பி வந்தபின் சில வாரங்களுக்குள் அவளுக்குக் காய்ச்சலோ உடம்பில் தடிப்போ வந்தால், எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பல நேரம் அவர் கேட்கும் வரை பெற்றோர் இதைச் சொல்வதில்லை.