பவர்டேபிள் வீட்டுப் பையன் பி.பி.ஏ. படிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் நானும் வீட்டுக்காரரும் 20 மெஷின் போட்டு பவர்டேபிள் (எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் பீஸ் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறோம். பையன் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறான். பி.பி.ஏ.தான் சேருவேன் என்கிறான். "கம்பெனியில் நின்றால் தானாக வரப்போகுது, இதுக்கு ஒரு காலேஜா?" என்கிறார் அவங்க அப்பா. சொந்தக்காரர்கள் பி.காம்.தான் கெட்டி என்கிறார்கள். பி.பி.ஏ. முடித்த கையோடு எம்.பி.ஏ.வும் படிக்க வைக்க வேண்டுமா? - ஒரு வாசகி

பதில்: படிக்கட்டும்ங்க. தொழில் கம்பெனியில் நின்றால் வரும் என்று அவங்க அப்பா சொல்வதில் தப்பே இல்லை. தையல், ஆள் பிடிப்பது, செக்கிங், சொன்ன தேதிக்கு பீஸ் கொடுப்பது எல்லாம் அங்கேதான் வரும். ஆனால் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: கணக்கு. அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 1,000 பீஸ், பீஸுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 20,000. ஆள் கூலி 12,000. வாடகை, கரண்ட், நூல், மெக்கானிக் எல்லாம் சேர்த்து 3,500. மீதி 4,500. மாதம் 26 நாள் ஓடினால் 1,17,000. "பரவாயில்லையே" என்றுதான் தோன்றும். ஆனால் கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுத்தாக வேண்டும். பார்ட்டி, அதாவது உங்களுக்கு ஆர்டர் கொடுத்தவர், பணம் தருவதோ 60 நாள் கழித்து. நாளுக்கு 15,500 என்று ஆறு நாளுக்கு வாரச் செலவு 93,000. எட்டு வாரத்துக்கு ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் உங்கள் பணம் வெளியில் நிற்கிறது. அதை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதம் சுமார் 15,000 வட்டிக்கே போய்விடும். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கும் உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 25,000 சம்பளம் எழுதுங்கள், இன்னொரு 50,000 கழிகிறது. கடைசியில் நிற்பது 52,000. மெஷின் தேய்மானமும் ஆல்ட்டர் வந்த (திருத்தித் தைக்கத் திரும்பி வந்த) பீஸும் இன்னும் கழிக்கவில்லை!

பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கும் பார்ட்டிக்குத் தலையாட்டலாமா, 30 நாளில் பணம் தருபவருக்கு விலை குறைத்துக் கொடுக்கலாமா என்றெல்லாம் முடிவு செய்ய இந்தக் கணக்கு வேண்டும். பி.பி.ஏ.வில் காஸ்ட் அக்கவுண்டிங், நிதி மேலாண்மை என்ற பெயரில் வருவது இதுதான். பாடத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினால் போதாது. வாரா வாரம் உங்கள் கம்பெனி நோட்டை எடுத்து, படித்த கணக்கை அதில் போட்டுப் பார்க்க வேண்டும். வரவு செலவு நோட்டைப் பையனிடம் காட்ட நிறைய அப்பாக்களுக்கு மனசு வருவதில்லை. தயவுசெய்து காட்டுங்கள்.

வணிகச் சட்டப் பாடமும் உங்களுக்கு நேரடியாக உதவும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை பார்ட்டி தன் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. இதைக் கேட்டு வாங்க உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும். இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

சரி, பி.காம். விஷயம். பையனுக்கு சி.ஏ., ஆடிட்டிங், வரிக் கணக்கு என்று ஆசை இருந்தால் சொந்தக்காரர்கள் சொல்வதே சரி. சி.ஏ. என்றால் பட்டம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பிளஸ் டூ முடித்ததுமே ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். எக்ஸ்போர்ட் பக்கம் போவான் என்றால், பி.காம். ஐ.பி. என்கிற சர்வதேச வணிகப் படிப்பையும் ஒரு கண் பாருங்கள். எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்), ஷிப்பிங் பேப்பர் எல்லாம் அதில் வரும். வங்கித் தேர்வு, குரூப் 2 போன்றவற்றுக்கு எந்தப் பட்டமும் செல்லும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம். சொந்தத் தொழிலுக்குத்தான் வரப்போகிறான் என்றால் என் ஓட்டு பி.பி.ஏ.வுக்கே.

கல்லூரியைக் கட்டடம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டது, அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று வருடப் பாடத்திட்டத்தை வாங்கி, கணக்குப் பாடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். வகுப்பு மதியத்தோடு முடிகிற கல்லூரி என்றால் இன்னும் நல்லது, சாயங்காலம் கம்பெனிக்கு வந்துவிடலாம்.

எம்.பி.ஏ. உடனே வேண்டாம். வேலை பார்க்காமல் போய் உட்கார்ந்தால், பி.பி.ஏ.வில் படித்ததையே இரண்டாம் தடவை பெரிய கட்டணத்தில் கேட்பதாகத்தான் பலருக்கு ஆகிவிடுகிறது. முதலில் இரண்டு வருடம் வெளி எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக (பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக) வேலை பார்க்கட்டும். பையர் எப்படி விலை பேசுகிறார், ஆர்டர் எங்கே தாமதமாகிறது என்பது உங்கள் யூனிட்டில் இருந்தால் தெரியாது. அப்புறமும் ஆசை இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம். எம்.பி.ஏ. கவுன்சலிங் கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) மூலம்தான் நடக்கிறது. ஐ.ஐ.எம். கனவு இருந்தால் கேட் தேர்வு. அதற்குப் பொதுப்பிரிவில் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், ஆகவே முதல் செமஸ்டரிலேயே அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.