படத்தையும் சேர்த்து அனுப்புங்க: கேமரா கேள்வி பதில்

போன தடவ "கேள்விய மட்டும் அனுப்பாதீங்க, எந்தப் படத்துல பிரச்சனையோ அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்க"ன்னு கேட்டிருந்தேன், நெறைய பேர் அனுப்பிட்டீங்க, சந்தோஷம். ஆனா பாதிப் பேர் வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பியிருக்கீங்க, அப்படி அனுப்பினா படம் சுருங்குறது மட்டும் இல்ல, ஷட்டர் எவ்ளோ ஐஎஸ்ஓ எவ்ளோங்குற எக்ஸிஃப் விவரம் மொத்தமும் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே வரும். விவரத்தோட வந்ததத்தான் இந்தத் தடவ முதல்ல எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கே: அண்ணா, எங்கிட்ட க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேம விட சின்ன சென்சார்) கேமரா, கூட வந்த 18-55 கிட் லென்ஸ் தான் இருக்கு. வீட்டுக்குள்ள என் பொண்ணு ஓடியாடி விளையாடுறத எடுத்தா ஒண்ணுகூட ஷார்ப்பா வரமாட்டேங்குது. கூட படம் எடுக்குற நண்பர்கள் எல்லாம் ஃபுல் ஃப்ரேம் போனா தான் சரியாகும்னு சொல்றாங்க. போயிடலாமா?

ப: இருங்க தம்பி, அவசரப்படாதீங்க. நீங்க அனுப்புன படம் எல்லாத்துலயும் ஒரே கதை தான் ஓடுது, 55 எம்எம், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு, எண் சின்னதானா வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ 800 (வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணுங்குற எண்), ஷட்டர் 1/30 செகண்ட். ஓடுற குழந்தைய 1/30ல எந்தக் கேமரா நிறுத்தும் சொல்லுங்க? பின்னாடி இருக்குற புக் ஷெல்ஃப பெருசு பண்ணிப் பாருங்க, புத்தகத்து முதுகுல இருக்குற எழுத்து வரைக்கும் படிக்க முடியுது. அப்போ உங்க கையும் ஆடல, லென்ஸ்லயும் கோளாறு இல்ல, கை ஆட்டத்த அடக்குற ஸ்டெபிலைசர் அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கு. அசைஞ்சது பாப்பா மட்டும் தான், அத ஸ்டெபிலைசரால ஒண்ணும் பண்ண முடியாது.

உங்களுக்கு வேண்டியது 1/250. 1/30ல இருந்து 1/60, 1/125, 1/250ன்னு மூணு ஸ்டாப், ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது, இல்ல ரெண்டு மடங்காகுறது. காசே இல்லாம இன்னைக்கே பண்ணலாம், ஐஎஸ்ஓ 800ங்குறது 6400 ஆகணும், அவ்ளோ தான். மெனுவுல ஆட்டோ ஐஎஸ்ஓ உச்ச வரம்பு 800லயே நிக்குது போல, அத ஏத்தி விடுங்க, மினிமம் ஷட்டர் ஸ்பீடுன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா 1/250 வச்சுடுங்க. நாய்ஸ் (படத்துல பொடிப் புள்ளி) வரும், வரட்டுமே. நாய்ஸ் இருக்குற படத்த சாஃப்ட்வேர்ல ஓரளவு சரி பண்ணிக்கலாம், கலங்கிப்போன முகத்த திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்ப ஃபுல் ஃப்ரேம் கணக்குக்கு வருவோம். அந்த சென்சார் 36க்கு 24 எம்எம், உங்களுது கிட்டத்தட்ட 23.5க்கு 15.6, பரப்பளவு ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. அதனால அதே செட்டிங்ல நாய்ஸ் விஷயத்துல உங்களுக்கு கிடைக்கிறது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகம், ஆனா உங்களுக்குத் தேவை மூணு. அதோட கூட வர்ற ஜூமும் எஃப் 5.6ல நின்னா திரும்ப அதே 1/30ல தான் போய் உக்காருவீங்க, கை நெறைய செலவு பண்ணதுக்கு அப்புறம். அதுக்குப் பதிலா ஒரு எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்குங்க, 5.6ல இருந்து 1.8க்கு வந்தா உள்ள வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு, அதாவது மூணு ஸ்டாப்புக்கு மேலயே. ஐஎஸ்ஓவ தொடாமலே 1/250 வந்துடும். எல்லாரும் 50 எம்எம் வாங்கச் சொல்லுவாங்க, உங்க சென்சார்ல அது 75 மாதிரி தெரியும், சின்ன ரூம்ல பின்னாடி நகர்ந்து நகர்ந்து முதுகு செவுத்துல முட்டும், அதனால 35 எடுங்க. ஒரு விஷயம், 1.8ல கிட்டப் போய் எடுத்தா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொரு கண்ணு அவுட்னு வரும், ரெண்டு குழந்தைங்க பக்கத்துல பக்கத்துல இருந்தா எஃப் 2.8, 4ன்னு ஏத்திக்கோங்க. ஃபோகஸ தொடர்ந்து ஃபாலோ பண்ற மோடுல வைங்க, இப்ப ஒத்த ஃபோகஸ்ல இருக்கு. அப்புறம் பாப்பாவோட பொம்மைங்கள ஜன்னல் பக்கம் நகர்த்திப் பாருங்களேன், பகல்ல அங்க கிடைக்கிற வெளிச்சத்துக்கு எந்த லென்ஸும் ஈடு இல்ல.

நண்பர்களயும் தப்பு சொல்லல, ஃபுல் ஃப்ரேம் நல்லது தான். அது உங்க பிரச்சனைக்கு மருந்து இல்ல, அவ்ளோ தான் சொல்றேன்.

கே: சார், நிலா நேர்ல அவ்ளோ அழகா இருக்கு, கேமராவுல எடுத்தா வெறும் வெள்ளைப் புள்ளி. 55-250 லென்ஸ், ட்ரைபாட், நைட் மோடு எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்.

ப: நைட் மோடு தான் வில்லனே. நமக்கு ராத்திரி, நிலாவுக்கு அது பட்டப்பகல். நேரடி வெயில்ல கெடக்குற பாறைய எடுக்குறீங்கன்னு நெனச்சு செட்டிங் வைக்கணும். கேமரா என்ன பண்ணுது, ஃப்ரேம்ல முக்கால்வாசி கருப்பு வானமா இருக்குறதப் பாத்துட்டு ஐயோ இருட்டா இருக்கேன்னு எக்ஸ்போஷர ஏத்திடுது, நிலா வெந்து போயிடுது. மேனுவல்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 1/125ல ஆரம்பிங்க, முழு நிலாவுக்கு இது பெரும்பாலும் சரியா நிக்கும், பிறை ஆக ஆக ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா ஸ்லோ பண்ணிக்கோங்க. ஃபோகஸ லைவ் வியூல (பின்பக்க ஸ்க்ரீன்ல) பெருசு பண்ணி கையால வைங்க, ரெண்டு செகண்ட் டைமர் போடுங்க.

அளவுலயும் ரொம்ப எதிர்பார்க்காதீங்க. வானத்துல நிலா அரை டிகிரி தான், சென்சார்ல அது விழற அளவு லென்ஸோட எம்எம்ம 110ஆல வகுத்தா வந்துடும். உங்க 250க்கு ரெண்டேகால் எம்எம், 24 மெகாபிக்சல் க்ராப் சென்சார்ல சுமார் 580 பிக்சல் அகலம். போன்ல பாக்க போதும், செவுத்துல பெருசா மாட்ட பத்தாது. இன்னொண்ணு, பௌர்ணமி அன்னைக்கு எடுக்காதீங்க, வெளிச்சம் நேரா விழறதால எல்லாம் தட்டையா இருக்கும். அரை நிலாவா இருக்கும்போது இருட்டும் வெளிச்சமும் சேர்ற கோட்டுக்கிட்ட பாருங்க, பள்ளங்களோட நிழல் நீளமா விழுந்து அப்பதான் நிலாவுக்கு ஒரு உருவமே வருது.

கே: யுவி ஃபில்டர் கண்டிப்பா போடணுமா?

ப: ஃபிலிம் காலத்துல அதுக்கு ஒரு வேலை இருந்துச்சு, டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாடி இருக்குற கண்ணாடியே யுவிய பெரும்பாலும் தடுத்துடுது. இப்ப அது வெறும் பாதுகாப்புக் கண்ணாடி. கடல், மணல், குழந்தைங்க கை இதெல்லாம் பக்கத்துல இருந்தா போடுங்க. ராத்திரி தெருவிளக்க எடுக்கும்போது கழட்டிடுங்க, இல்லனா படத்துல இல்லாத விளக்கு ஒண்ணு தலைகீழா மிதக்கும். லென்ஸ் ஹுட் போடுறத யாருமே கேக்குறதில்ல, அதுதான் இடிச்சாலும் காப்பாத்தும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும்.

கே: பழைய டிஎஸ்எல்ஆர்ல இருந்து மிரர்லெஸ் மாறப் போறேன். கைல இருக்குற லென்ஸ் எல்லாம் வீணா?

ப: நீங்க எந்தக் கம்பெனின்னு எழுதல, அதனால கேனான், நிக்கான் ரெண்டுக்கும் சொல்றேன். கேனான் ஈஎஃப் லென்ஸ்னா கவலையே வேணாம், 1987லயே ஃபோகஸ் மோட்டார லென்ஸுக்குள்ள வச்சு ஆரம்பிச்ச மவுன்ட் (லென்ஸ் மாட்டுற அமைப்பு) அது, அடாப்டர் போட்டா கேனானோட மிரர்லெஸ்ஸான ஆர்எஃப் பாடில நல்லா ஓடும். க்ராப் சென்சாருக்குன்னு செஞ்ச ஈஎஃப்-எஸ்னா ஃபுல் ஃப்ரேம் பாடில படம் க்ராப் ஆகும், மெகாபிக்சல் நல்லாவே குறையும். நிக்கான்னா கொஞ்சம் நிதானம். எஃப் மவுன்ட் 1959ல வந்தது, அதுல நம்ம ஆளுங்க ஆசையா வச்சிருக்குற ஏஎஃப்-டி லென்ஸுக்கு மோட்டார் லென்ஸ்ல கிடையாது, பாடில இருந்து ஒரு திருகு வந்து சுத்தும். கம்பெனியோட எஃப்டிஇசட் அடாப்டர்ல அந்தத் திருகு இல்ல, அதனால கையால தான் ஃபோகஸ். ஏஎஃப்-எஸ்னு போட்டிருந்தா பிரச்சனை இல்ல.

அடாப்டர் ஏன் இவ்ளோ சுலபமா வேலை செய்யுதுன்னா, டிஎஸ்எல்ஆர் பாடிக்குள்ள மிரர், அதாவது முகம் பாக்குற மாதிரி கண்ணாடி, இருந்த எடம் காலியாச்சு. ஈஎஃப்ல லென்ஸுக்கும் சென்சாருக்கும் 44 எம்எம் தூரம், ஆர்எஃப்ல 20 தான், நடுவுல இருக்குற 24 எம்எம்ம அடாப்டர் நிரப்பிடுது. அதே காரணத்தால மிரர்லெஸ் லென்ஸ பழைய பாடில மாட்டலாமான்னு கேக்காதீங்க, முடியாது. என் யோசனை, முதல்ல பாடியும் அடாப்டரும் மட்டும் வாங்குங்க, ஒரு ஆறு மாசம் ஓட்டுங்க, எந்த லென்ஸ் உண்மையிலேயே உங்கள தடுக்குதுன்னு அப்ப தெரிஞ்சுடும்.

கே: கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணும்போது கலர் செமயா இருக்கு, ஷேர் பண்ணா மத்தவங்க போன்ல டல்லா, செத்த மாதிரி தெரியுது. மானிட்டர் மாத்தணுமா?

ப: வேணாம். உங்க ஃபைல திறந்து பாத்தேன், அடோபி ஆர்ஜிபிங்குற கலர் ஸ்பேஸ்ல (எந்த எண் எந்தக் கலர்ங்குற கணக்கு) சேவ் பண்ணியிருக்கீங்க. அது பிரிண்ட்டுக்குப் போறவங்களுக்கு. ப்ரொஃபைல கவனிக்காத ஆப்ல அது திறக்கும்போது எண்கள எஸ்ஆர்ஜிபின்னு (போன், வெப்ல பொதுவா ஓடுற கணக்கு) நெனச்சு படிச்சிடுது, கலர் வாடிடுது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது எஸ்ஆர்ஜிபின்னு மாத்துங்க, முடிஞ்சது. கேமராவுல ரா ஃபைலா (சென்சார் பதிஞ்சத அப்படியே வைக்கிற ஃபைல்) எடுக்குறவங்களுக்கு மெனுவுல இருக்குற கலர் ஸ்பேஸ் ஜேபெக்குக்கு மட்டும் தான், ராவ தொடாது, அத நெனச்சு பயப்பட வேணாம்.

கே: நான் படம் போட்டா எல்லாரும் "சூப்பர்"னு ஒரு வார்த்தை, இல்லனா "என்ன லென்ஸ்?" இதுக்கு மேல யாரும் எதுவும் சொல்றதில்ல. எப்படி கத்துக்கிறது?

ப: நீங்க என்ன கேட்டு போட்டீங்க? "என் புது க்ளிக்"னு போட்டா "சூப்பர்" தான் வரும், அதுக்கு வேற என்ன பதில் சொல்ல முடியும். "இடது பக்கம் நிக்கிற ஆள வெட்டியிருக்கணுமா?"ன்னு குறிப்பா ஒண்ணு கேளுங்க, ரெண்டு படத்த பக்கத்துல பக்கத்துல போட்டு எது, ஏன்னு கேளுங்க, ஆளாளுக்கு சண்டைக்கே வருவாங்க. ஒரே எடத்துல பதினஞ்சு படம் கொட்டாதீங்க, அதுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணல, பாக்குறவன் ஏன் பண்ணணும்? லென்ஸ் பேர கேக்குறவங்கள திட்டாதீங்க, பாவம், அவங்களுக்குப் படம் புடிச்சிருக்கு, அத எப்படி சொல்றதுன்னு தெரியல. ஷட்டரையும் சேர்த்து சொல்லுங்க, உபயோகமா இருக்கும். பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் வாழ்நாள்ல பெரும்பாலும் ஒரு 50 எம்எம்ம வச்சே ஓட்டிட்டாரு, அந்த மாதிரி 50 எம்எம் இன்னைக்கும் எத்தனையோ பேர் பையில இருக்கு.

கே: ஒரு அரிய பறவையோட கூட்ட குஞ்சுகளோட ரொம்ப கிட்டத்துல எடுத்தேன், படம் அனுப்பியிருக்கேன். இடத்தோட ஷேர் பண்ணலாமா?

ப: கூடாது. படமும் இந்தப் பக்கத்துல வராது, மன்னிக்கணும். கூட்டச் சுத்தி இருந்த இலைய ஒதுக்கியிருக்கீங்க, படத்துலயே தெரியுது, அந்த இலை தான் வெயில்ல இருந்தும் பருந்துகிட்ட இருந்தும் குஞ்சுகள மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க கிட்ட நின்ன நேரம் பூரா தாய்ப்பறவை இரை கொண்டு வராம தள்ளி எங்கயாவது உக்காந்திருக்கும். இடத்த வேற சொன்னா நாளைக்கு பத்து பேர் பத்து லென்ஸோட வந்து நிப்பாங்க. நீங்க எழுதலனாலும் போன்ல எடுத்த படத்துக்குள்ள ஜிபிஎஸ் எண் ஒளிஞ்சிருக்கலாம், ஷேர் பண்றதுக்கு முன்னாடி அத எடுத்துடுங்க. வீட்ல எடுக்குற குழந்தைங்க படத்துக்கும் இதே தான்.

கே: பழைய லென்ஸ் ஒண்ணு நல்ல விலைக்கு வருது, உள்ள லேசா ஃபங்கஸ் இருக்குன்னு விக்கிறவரே சொல்லிட்டாரு. வாங்கலாமா?

ப: சொன்னாரே, நல்ல மனுஷன். ஒரு டார்ச்ச பின்பக்கத்துல இருந்து சாய்வா அடிச்சு முன்னாடி இருந்து பாருங்க. தூசி புள்ளி புள்ளியா இருக்கும், அதால ஒண்ணும் ஆகாது. ஃபங்கஸ் மெல்லிசா சிலந்தி வல மாதிரி கிளை விட்டிருக்கும். ஓரத்துல துளியூண்டு இருந்தா படத்துல தெரியவே தெரியாது, ஆனா அது விடுற அமிலம் லென்ஸ் கோட்டிங்க அரிச்சுடும், அப்புறம் சுத்தம் பண்ணாலும் தடம் போகாது. நான் வாங்க மாட்டேன், சுத்தம் பண்ற கூலியையும் சேர்த்துப் பாத்தா "நல்ல விலை" நல்ல விலையா இருக்காது. வச்சிருக்குற லென்ஸுக்கு வராம பாத்துக்கோங்க, ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதம் இருந்தா நிம்மதி, இறுக்கமா மூடுற டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், இது போதும். தோல் பையில மாசக்கணக்கா போட்டு வைக்காதீங்க. எடுத்து வெயில் வெளிச்சத்துல படம் எடுங்க, அதுவே பாதி வைத்தியம்.

கே: அவசரம் சார்! கார்ட ஃபார்மேட் பண்ணிட்டேன், காப்பி எடுக்கல.

ப: இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள ரொம்ப லேட்டுன்னு உங்களுக்கு அப்பவே பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்க. அந்தக் கார்டுல ஒரு படம்கூட புதுசா எடுக்காதீங்க, உடனே வெளிய எடுத்துடுங்க. கேமராவுல சாதாரணமா ஃபார்மேட் பண்ணா பெரும்பாலும் அழியுறது எந்தப் படம் எங்க இருக்குங்குற பட்டியல் தான், படம் அதே எடத்துல கெடக்கும், மேல புதுசு எழுதற வரைக்கும். சில கேமராவுல லோ லெவல் ஃபார்மேட்னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணியிருந்தா நம்பிக்கை கம்மி. ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பாக்க பழைய காலத்து ஸ்க்ரீன் மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, மீட்ட படங்கள அதே கார்டுல சேவ் பண்ணாம கம்ப்யூட்டர்ல போடச் சொல்லுங்க. ஃபைல் பேர் எல்லாம் மாறி வரும். கேள்வி கேட்டவருக்குப் பெரும்பகுதி கிடைச்சுடுச்சு, கடைசி நாள் எடுத்த வீடியோ மட்டும் துண்டு துண்டா வந்துச்சாம்.