அன்னாசிப் பாணி ஏன் நுரைத்தது?

திருக்கோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆடிவேல் காலத்தில் உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்களுக்குத் தாகசாந்தி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இந்த முறை கடையில் விற்கும் சாயப் பாணியை விட்டுவிட்டு, தண்ணீரில் கலந்து குடிக்கிற பழப்பாணியை வீட்டிலேயே காய்ச்ச விரும்பியிருக்கிறார். ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், ஒரு கப் அன்னாசிச் சாறு சேர்த்துக் கொதிக்கவைத்துப் போத்தலில் ஊற்றினார். ஐந்தாம் நாள் மூடியைத் திருகியபோது நுரை பொங்கி வழிந்தது. கள் வாடை வீசியது. அடுத்த முறை நன்றாக வற்றக் காய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். சீனி அடியில் கற்கண்டாய்ப் படிந்துவிட்டது, அன்னாசி மணமும் இல்லை. எந்த அளவில் காய்ச்ச வேண்டும் என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. பழத்துக்குள் இருந்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை. ஒரு கப் சீனி ஏறக்குறைய 200 கிராம், தண்ணீர் 240 கிராம், சாறு 250 கிராம். அன்னாசிச் சாற்றில் 100க்கு 13 பங்கு அளவுதான் இனிப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். கூட்டிப் பார்த்தால் 690 கிராம் பாணியில் இனிப்பு 230 கிராம்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஈஸ்ட் என்கிற மதுவத்துக்கு இது விருந்து. கொதியில் அது செத்திருந்தாலும், போத்தலிலிருந்தும் அகப்பையிலிருந்தும் திரும்ப வந்து சேரும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் பகுதிச் சமையலறைச் சூட்டில் ஐந்து நாள் அதற்குத் தாராளம்.

சீனி பாணியைக் காப்பது எப்படி என்றால், தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. அந்தக் காவல் உறுதியாக இருக்க 100க்கு 65 பங்கு அளவு இனிப்பு வேண்டும். ஆகவே தண்ணீரே சேர்க்காதீர்கள். 500 கிராம் சாற்றுக்கு 750 கிராம் வெள்ளைச் சீனி. கப் வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேலும் போகக் கூடாது. 20 பாகை செல்சியஸில் 67 சதவீதம் வரை சீனி கரைந்து நிற்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் அது 64 அளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் வற்றவைத்த பாணி அந்த எல்லையைத் தாண்டியதால்தான் கற்கண்டாயிற்று. அன்னாசியின் சொந்த இனிப்பில் ஒரு பகுதி வேறு வகைச் சீனிகளான குளுக்கோசும் பிரக்டோசுமாக இருப்பதாலும் புளிப்பு உதவுவதாலும் 65 சதவீதப் பாணி குளிரிலும் பொதுவாகக் கற்கண்டாகாது. ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் என்றால் சாறும் சீனியும் சம எடையாக இருந்தாலே போதும், குளிரில் வைத்துக்கொள்ளலாம்.

மணம் போனதற்குக் காரணம் கொதி. காய்ச்சும்போது வீடெல்லாம் அன்னாசி மணம் வீசினால், அந்த மணம் போத்தலுக்குள் சேரவில்லை என்று அறியுங்கள். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். பழத்தை நடுத்தண்டோடு சிறிதாக அரிந்து, அளந்த சீனியில் பாதியைத் தூவி, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் திறந்தால் மேலே தூவிய சீனி காணாமல் போயிருக்கும். துண்டுகள் சுருங்கி, வெளிர்மஞ்சள் சாற்றில் மிதக்கும். சீனி பழத்திலிருந்து நீரை இழுத்துவிட்டது. அதைக் கொதிநீரில் அவித்தெடுத்த வெள்ளைத் துணியில் பிழிந்து, மீதிச் சீனியையும் சேர்த்து மெல்லிய தீயில் வைப்பேன். முதல்முறை செய்கிறவர்கள் பழத்தை அடித்துச் சாறு பிழிந்து நிறுப்பதே நல்லது, கணக்குத் தப்பாது.

சீனி கரைந்து, ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்பி, ஆவி பறக்கிற நிலையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து இறக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். சட்டியின் விளிம்பில் ஒட்டிய சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் துகள் பாணிக்குள் விழுந்தால் அதைச் சுற்றியே கற்கண்டு வளரும். புளிச்சாறு அலுமினியத்தைத் தின்னும் என்பதால் எவர்சில்வர் சட்டிதான் ஏற்றது. இறக்கியபின் இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விடுங்கள்.

போத்தல் கண்ணாடியாக இருக்கட்டும். பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தச் சூடு ஆறுமுன் சூடான பாணியை ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் நம்பி வைக்கலாம்.

மற்றப் பழங்களுக்கும் இதே கணக்குத்தான், சில வேறுபாடுகளோடு. கொடித்தோடையை விதை நொறுங்க அடிக்காதீர்கள், கசக்கும். நாவல்பழம் தேசிக்காய் பட்டதும் ஊதாவிலிருந்து சிவப்புக்கு மாறும். பார்க்கவே அழகாக இருக்கும். மாம்பழத்தில் புளிப்புக் குறைவு, தேசிக்காயைக் கூட்டியே ஆகவேண்டும். கொய்யாவும் விளாம்பழமும் பாணியை உறையவைக்கும் பெக்டின் என்ற பொருள் மிகுந்தவை. போத்தலுக்குள்ளேயே ஜெலி போல உறைந்துவிடக் கூடும், பாணிக்கு நான் எடுப்பதில்லை. சிவப்புச் சீனி அன்னாசியின் நிறத்தையும் மணத்தையும் மூடிவிடும்.

மேலே சொன்ன அளவில் ஏறக்குறைய 950 மில்லிலீற்றர் பாணி கிடைக்கும். கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் முப்பது பேருக்கு வரும். ஒரு கிளாசில் 25 கிராமுக்கு மேல் இனிப்பு இருக்கிறது. ஆகவே நீரிழிவு உள்ள அடியார்களுக்காகப் பக்கத்தில் மோரும் வையுங்கள். வெயிலில் நடந்து வியர்த்து வருகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை உப்பு இதமாக இருக்கும். கலக்கிற தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். பாணியில் எவ்வளவு கவனம் எடுத்தாலும் பச்சைத் தண்ணீர் அத்தனையையும் கெடுத்துவிடும்.

அந்தப் பழைய நுரைப் பாணி இன்னும் மூடிய போத்தல்களில் இருந்தால், உடைந்து தெறிக்கக்கூடும். ஈரத் துணியால் சுற்றி, முகத்துக்குத் தூரமாகப் பிடித்து, முற்றத்தில் வைத்து மெதுவாகத் திறந்து ஊற்றிவிடுங்கள்.