தவறான நம்பிக்கை எப்போது நோயாகிறது?

‘பொய்யான ஒன்றை விடாப்பிடியாக நம்பினாலே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரையோ மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். நான் மருத்துவர் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த நோய் வந்த சித்தப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள்.

பொய்யா மெய்யா என்பது இங்கே பெரிய கணக்கே இல்லை. நாங்கள் பர்மாவின் யாங்கோன்காரர்கள், பழைய ரங்கூன். 1990களில் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ராணுவ உளவாளியோ என்று ஊரே பயந்தது, அதில் நியாயமும் இருந்தது. அப்பாவும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். சித்தப்பாவுக்கோ எதிர்மாடியில் சிவப்புக் கைலி காய்ந்தால் தன்னைப் பிடிக்க உத்தரவு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா அந்த வீட்டம்மாவிடம் கெஞ்சி அதை எடுக்க வைத்தார். “பாத்தியாண்ணே, நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மறைச்சிட்டாங்க” என்றார் சித்தப்பா. எந்தச் சான்றைக் கொண்டுபோனாலும் அதுவும் அவர் கட்சியில் சேர்ந்துவிடும். வேலை போயிற்று. சித்தி சமைத்ததைத் தொடமாட்டார். ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறது என்றார்.

கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1913-லேயே இதைப் பற்றி எழுதினார். சந்தேக நோய் பிடித்த கணவனின் மனைவி உண்மையிலேயே வேறொருவரோடு பழகினாலும், அவன் சந்தேகம் மருட்சியாகவே, அதாவது எந்தச் சான்றுக்கும் அசையாத நோய் நம்பிக்கையாகவே, இருக்கலாம். அந்த முடிவுக்கு அவன் எப்படி வந்தான் என்பதில்தான் நோய் இருக்கிறது. சித்தப்பாவை நிஜமாகவே யாராவது பின்தொடர்ந்திருந்தாலும் கைலி அதற்குச் சாட்சி ஆகாது.

அதேபோல, தீமிதியில் ஆத்தா தன்மேல் இறங்கினாள் என்பவர் நோயாளி அல்ல. அது ஊர் சேர்ந்து நம்புவது, மறுநாள் அவர் கடையைத் திறந்துவிடுவார். மருட்சி மட்டும் இருந்தாலும் மனச்சிதைவு என்று எழுதிவிட மாட்டார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டின்படி குரல் கேட்பது, பேச்சு கோர்வையில்லாமல் போவது போல இன்னொன்றும் சேர வேண்டும், வேலையோ உறவோ சரிய வேண்டும், அறிகுறிகள் 6 மாதமாவது நீடிக்க வேண்டும்.

1964-ல் கடைகள் அரசுடைமையானபோது கப்பலேறிய சென்னைச் சொந்தங்கள், “அங்கேயே கிடந்தீங்கல்ல, அதான் இப்படி” என்றார்கள். மருந்துக்கு ஒரு காசு அனுப்பவில்லை. இந்த நோய் சென்னையிலும் வருகிறது என்று அவர்களிடம் யார் சொல்வது?

சரி, உங்கள் வீட்டவரோடு அந்த நம்பிக்கையைப் பற்றி வாதாடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எப்போதிலிருந்து மாறின என்று குறித்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எங்களிடம் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.