எந்த டைப் டெங்கு என்று பார்க்க 4,500 ரூபாய் கொடுக்காதீர்கள்

கேள்வி (பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி): 17 வயது மகனுக்கு 3 நாளாகக் காய்ச்சல். டெங்கு வைரஸைக் காட்டும் என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த லேப்காரர், "இந்த வருஷம் ஊரில் டைப் டூ ஓடுது, அதுதான் ஆபத்தானது. எந்த டைப்னு பிசிஆர்ல பார்த்தாதான் டாக்டர் சரியான மருந்து கொடுப்பார்" என்று 4,500 ரூபாய் கேட்கிறார். என் கணவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் டெங்கு வந்தது. டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். டென்-1 முதல் டென்-4 வரை எது வந்திருந்தாலும் வைத்தியம் ஒன்றே: நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, பாராசிட்டமால், தினமும் ரத்தக் கணக்கு. டென்-2-க்கு என்று தனி மாத்திரையோ ஊசியோ கிடையாது. இல்லாத மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் உங்களிடம் இந்த டெஸ்ட்டை விற்கப் பார்க்கிறார்கள்.

டைப் என்பது பொய்யில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை ஆயுசுக்கும் திரும்ப வராது. மற்ற மூன்றிலிருந்தும் சில மாதங்களுக்குத்தான் காவல். அதன்பின் வேறு வகை தொற்றினால், பழையதற்காக உடம்பு செய்து வைத்த எதிர்ப்புப் பொருள் புது வைரஸில் அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கொல்லாமல், அணுக்களுக்குள் நுழைய வழிவிட்டுவிடும். இரண்டாம் முறை டெங்கு கடுமையாகும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். ஓர் ஊரில் ஓடும் வகை மாறினால் நிறையப் பேருக்கு அது இரண்டாம் முறையாகிவிடும். டெல்லியில் 1996-ல் பெருவாரியாக வந்தது டென்-2. 2003-ல் நான்கும் ஒரே பருவத்தில் சுற்றின. இதைக் கவனித்து ஆஸ்பத்திரிகளைத் தயார்படுத்துவது அரசின் வேலை. நம் ஊரில் நிம்ஹான்ஸ், என்ஐவி மாதிரி வைரஸ் வகை பார்க்கும் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த வார்டில் எந்த வகை என்ற தகவல், காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்கும்போதே தெருமுனை 'நம்ம கிளினிக்' என்ற அரசு கிளினிக்கின் டாக்டருக்கு வந்து சேர வேண்டாமா? வாரத்துக்கு ஒரு வரி வெளியிட்டால் போதும், லேப்காரர் இப்படிப் பயமுறுத்த முடியாது. சில நிமிடத்தில் முடிவு காட்டும் கார்டு டெஸ்ட்டில் மட்டும் பாசிட்டிவ் வந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே ஏறுவதில்லை. லேப்பில் செய்யும், இன்னும் நம்பகமான எலைசா டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தவர்கள்தான் ஏறுவார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் கொசு மருந்தடிக்க ஆள் அனுப்புகிறார்கள்.

விலையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2024 ஜூலையில் கர்நாடக அரசு தனியார் லேப்களுக்கு உச்சவரம்பு வைத்தது: என்எஸ்1 எலைசா 300 ரூபாய், ஐஜிஎம் (புதுத் தொற்றுக்கு உடம்பு செய்யும் எதிர்ப்புப் பொருள்) எலைசா 300, கார்டு டெஸ்ட் 250. டைப் பார்க்கும் பிசிஆருக்கு அந்த வரம்பு இல்லை. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பயமும் காட்டப்படும். இன்னொன்று, பல லேப்களின் டெங்கு பிசிஆர், வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். வகை பிரித்துச் சொல்லாது. இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தப் பணத்தில் தினமும் சிபிசி என்ற ரத்தக் கணக்கு எடுங்கள், ஒரே லேப்பில், ஏறக்குறைய ஒரே நேரத்தில். ரிப்போர்ட்டில் எல்லாரும் பிளேட்லெட்டைத் தேடுவார்கள். நீங்கள் பிசிவி என்ற வரியையும் பாருங்கள், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது அது. ஹீமடாக்ரிட் என்றும் போட்டிருக்கும். முதல் நாள் 40 இருந்தது 48-க்குப் போனால் 20 சதவீத ஏற்றம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வரும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், 24 முதல் 48 மணி நேரம். உடம்பு சில்லிட்டதும் "சரியாகிவிட்டது" என்று காலேஜுக்கு அனுப்பிவிடுகிற வீடுகளில்தான் விபரீதம் நடக்கிறது. விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், நிலைகொள்ளாத தவிப்பு அல்லது அசந்து கிடத்தல், 6 மணி நேரமாகச் சிறுநீர் வராமை: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதைக்கு இளநீர், கஞ்சி, உப்புப் போட்ட மோர், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ் என்று நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போகட்டும். பாராசிட்டமால் 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். புரூஃபென், காம்பிஃப்ளாம், மெஃப்டால், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

அடுத்து உங்களைத் தேடி வரப்போகிறவர் பிளேட்லெட் ஏஜென்ட். எண்ணிக்கை 40,000 என்றதும் ஆஸ்பத்திரி வாசலில் "டோனர் இருக்கார், இவ்வளவு ஆகும்" என்று நிற்பார். காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 முதல் தடை. அதோடு, ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு 10,000-க்குக் கீழே போகும்வரை பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. ஏற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ரத்தம் கசிகிறதா, பிசிவி எவ்வளவு, மெஷின் எண்ணிக்கையை ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் சரிபார்த்தார்களா? பிளேட்லெட் கட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும்.

இனி உங்கள் கணவர். நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மகனைவிட அவர்மேல்தான் கவலை. முதலில் பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். எலைசாவில் உறுதியானதா, கார்டில் ஐஜிஎம் கோடு மட்டும் தெரிந்ததா? கார்டு மட்டும் என்றால் அது டெங்குதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறுதியானதென்றால், அவருக்கு அடுத்து வருவது இரண்டாம் முறை. அப்போது டெஸ்ட்டே ஏமாற்றும். இரண்டாம் முறையில் என்எஸ்1 சீக்கிரம் மறைந்துவிடலாம். ஐஜிஎம் மெல்லிசாக வரலாம், வராமலும் போகலாம். பழைய தொற்றுக்குப் பிறகும் ரத்தத்தில் தங்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் மட்டும் சட்டென்று ஏறும். அதைப் பார்த்து "இது பழசு, கவலை வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவருக்குக் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "எனக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கு" என்று இருக்க வேண்டும். முதல் நாளே சிபிசி எடுத்துவிடுங்கள். பிசிவி ஏறுகிறதா என்று ஒப்பிட அந்த எண் வேண்டும். என்எஸ்1, ஐஜிஎம் இரண்டும் எலைசாவில் பாருங்கள். நெகட்டிவ் வந்தாலும் விட்டுவிடாமல் காய்ச்சல் தொடங்கி 5 நாளுக்குப் பிறகு ஐஜிஎம் மறுபடி பாருங்கள். அதுவரை டெங்கு என்றே நடத்துங்கள். அதற்காகப் பீதி வேண்டாம். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள், நேரத்தில் கவனித்தால்.

மகன் படுக்கும் இடத்தில் இன்றே கொசுவலை கட்டுங்கள், பகலிலும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சலின் முதல் 5 நாள் அவன் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவனைக் கடித்த கொசு 8 முதல் 12 நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.