பாராமோர் என்ற அமெரிக்கக் குழுவைப் போன்ற ஓர் எமோ (உள்ளத்து வலியைத் திறந்து பாடும் ராக் வகை) குழு தன் பாணியை விட்டு விலகிச் செல்வது பழைய ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

ஆகாது என்பதே என் பதில். நீங்கள் பள்ளிப் பருவத்தில் 2007-இல் வெளிவந்த ‘ரயட்!’ தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து ‘ஆஃப்டர் லாஃப்டர்’ வந்தபோது, அதன் துள்ளலான சின்த் (மின்னணு இசைக்கருவி) ஒலியைக் கேட்டு, இது நம்முடைய குழுதானா என்று மனம் வெதும்பியும் இருப்பீர்கள். அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் மூன்று தொகுப்புகளையும் இன்றும் மனப்பாடமாகப் பாடக்கூடியவள் நான். ஆனால் அதற்கு மேல் போய் அவர்கள் மீது குற்றம் சாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் நகரில் 2004-இல் பதின்பருவத்துப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கிய குழு அது. முதல் தொகுப்பு முடிவதற்குள்ளேயே பேஸ் கிதார் வாசித்த ஜெரமி டேவிஸ் விலகிவிட்டார். பிறகு திரும்பி வந்தார். 2005-இல் வெளியான அந்தத் தொகுப்பின் அட்டையைப் பாருங்கள்: ஆளில்லாத ஒரு சிவப்பு சோபா, விலகிப் போகும் ஒரு நிழல். 2010-இன் இறுதியில் ஜாஷ் ஃபாரோவும் அவருடைய தம்பி ஸாக்கும் வெளியேறினார்கள். பாடகி ஹேலி வில்லியம்ஸுடன் சேர்ந்து பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ஜாஷ்தான். நீங்கள் தேடும் அந்தக் கிதார் ஒலி அவருடைய கையில் இருந்தது. அவர் போனதும் அதுவும் போயிற்று. அடுத்துப் பாடலாக்கத்தில் ஹேலிக்குத் துணையாக வந்த டெய்லர் யார்க்கின் காதோ தாளத்தின் பக்கம் சாய்ந்தது. இந்த நிலையில் ‘ரயட்!’ மாதிரியே இன்னொன்றைச் செய்திருந்தால், தங்களைத் தாங்களே நகலெடுத்தவர்களாகத்தான் ஆகியிருப்பார்கள்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-இன் தொடக்கத்தில், சென்னையில் ஒரு கல்லூரிக் கலைவிழாவின் ராக் போட்டியில் என் தோழிகளுடன் பாடினேன். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘எய்ன்ட் இட் ஃபன்’ என்ற பாராமோர் பாடலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அந்தப் பாடல் ஆடத் தூண்டும் ஃபங்க் தாளத்தில் நடந்து, பிற்பகுதியில் கோஸ்பல் எனப்படும் தேவாலயப் பாணியில் பாடும் ஒரு பாடகர் குழுவை உள்ளே கொண்டுவருகிறது. எங்களில் சிலர் ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்கள் என்பதால் அந்தப் பகுதியை மூன்று சுருதிகளில் பிரித்து, கைத்தட்டலுடன் வாரக்கணக்கில் பயிற்சி செய்தோம். தனியாக உலகத்தை எதிர்கொள்ளப் புறப்பட்ட ஒருத்தியை அந்தக் குரல்கள் ஒன்றாகக் கண்டிக்கும் இடத்தில், அரங்கமும் எங்களோடு கைதட்டியது.

நடுவர் மைக்கைப் பிடித்து, இது ராக் அல்ல, பாப்; கோரஸ் பாடுவதற்கு வேறு போட்டி இருக்கிறது என்றார். மதிப்பெண் தாளில் வகைமைப் பொருத்தத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்கள் இடத்தைத் தீர்மானித்தது அதுதான். உங்கள் குரல் மெல்லிசைக்கு நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தனியே அறிவுரையும் சொன்னார். அதே மேடையில் காப்பியடித்த உறுமலோடு பாடிய ஆண்களிடம் அவர் அப்படி எதையும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

2015 பிப்ரவரியில் அதே ‘எய்ன்ட் இட் ஃபன்’ சிறந்த ராக் பாடலுக்கான, அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதைப் பெற்றது. பாடலாசிரியர்களுக்கு வழங்கப்படும் அந்த விருது ஹேலிக்கும் டெய்லர் யார்க்குக்கும் போனது. விருது கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடுவதாக யாரும் கருத வேண்டாம். கிராமித் தீர்ப்புகளோடு நானும் பலமுறை முரண்பட்டிருக்கிறேன். ஒரு வகைமையின் வேலியை யாரோ ஒருவர் தன் ரசனைக்கேற்ப நட்டுவிட்டு, அதைத் தாண்டியவர்களைக் குற்றவாளி ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன். எமோ என்பதே 1980-களின் நடுவில், வாஷிங்டன் நகரில், ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமும் ஆவேசமும் கொண்ட ராக் வகையின் வேலியைத் தாண்டிய ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்களிடமிருந்து பிறந்ததல்லவா? அந்தப் பெயரை அவர்களே விரும்பவில்லை.

‘ஆஃப்டர் லாஃப்டர்’ தொகுப்பை இன்னொரு முறை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஸாக் திரும்பி வந்து டிரம்ஸ் வாசித்த தொகுப்பு அது. அதிலுள்ள ‘ஹார்ட் டைம்ஸ்’ பாடல் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் போன்ற தட்டல்களோடு விளையாட்டாகத் தொடங்குகிறது. பாடுபவளோ காலையில் எழுந்திருப்பதற்கே போராடுகிறாள். ‘ஃபேக் ஹேப்பி’ சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு நடமாடுவதைப் பற்றியது. பதினேழு வயதுக் கோபத்தை விட இருபத்தெட்டு வயதுச் சோர்வு எனக்குக் கனமாகப் படுகிறது. உள்ளத்தைத் திறந்து காட்டுவதுதான் எமோ என்றால், அவர்கள் எழுதியவற்றில் மிக ஆழமான எமோ தொகுப்பு இதுதான் என்பேன். எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. சந்தையைப் பார்த்து ஒலியை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். பாராமோர் அப்படிச் செய்யவில்லை என்பதே என் கட்சி.

பழைய பாடல்களை அவர்கள் உதறிவிட்டார்கள் என்பதும் சரியல்ல. ‘மிசரி பிசினஸ்’ பாடலில் இன்னொரு பெண்ணை இழித்துரைக்கும் ஒரு வரி இருப்பதால் 2018-இல் அதை மேடையில் பாடுவதை நிறுத்தினார்கள். 2022-இல் மீண்டும் பாடத் தொடங்கினார்கள். 2024-இல் ‘திஸ் இஸ் வை’ சிறந்த ராக் தொகுப்புக்கான கிராமியை வென்றது. அந்தத் தொகுப்புக்கான சுற்றுப்பயணத்திலும், ‘மிசரி பிசினஸ்’ முடியும் தறுவாயில் கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை மேடைக்கு அழைத்துப் பாடவைக்கும் தங்கள் பழைய வழக்கத்தை அவர்கள் விடவில்லை.