கோல்ட்ரேனை எங்கிருந்து கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாழ்க்கையைச் சமீபத்தில் படித்தேன். போதையில் விழுந்து, வேலை போய், கடவுள் நம்பிக்கையால் மீண்டவர் என்கிறார்கள். ஆனால் அவருடைய 'அசென்ஷன்' கேட்டபோது என் காதில் விழுந்தது இரைச்சல்தான். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கதை உருக்கமாக இருப்பதால்தான் அவரைக் கொண்டாடுகிறார்களோ? ஜாஸ் பழக்கமில்லாத நான் எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

'அசென்ஷன்' 1965இல் பதினோரு பேர் சேர்ந்து வாசித்தது. முதலில் அதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். இப்போதைக்கு அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் படித்த கதை உண்மைதான். 1957இல் ஹெராயின் பழக்கத்தால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவிலிருந்து நீக்கினார். அதே ஆண்டில் கடவுளின் அருளால் தனக்கு ஒரு விழிப்பு வந்ததாகக் கோல்ட்ரேனே பின்னர் எழுதினார். ஆனால் பலரும் கதையை அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். விழிப்பு வந்த மனிதர் அடுத்து என்ன செய்தார்? நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் மாதக்கணக்கில், இரவு இரவாக வாசித்தார். மங்க் பாதியில் பியானோவை விட்டு எழுந்து போய்விடுவார். பேஸும் டிரம்ஸும் மட்டும் துணை, மற்றதையெல்லாம் சாக்ஸபோன்தான் சுமக்க வேண்டும். அருள் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அன்றாட சாதகப் பயிற்சியாக மாறியது அந்த மேடையில்தான்.

அவர் பிறவி மேதை என்ற நினைப்பும் வேண்டாம். 1926இல் வட கரோலினாவின் ஹாம்லெட்டில் பிறந்தவர். மைல்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்ட 1955இல் வயது 29ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரோ 34 வயதில் எல்லாவற்றையும் செய்து முடித்துச் செத்தே போயிருந்தார். கோல்ட்ரேன் மெதுவாக, விடாப்பிடியாக வளர்ந்தவர். கச்சேரி இடைவேளையிலும் வாசித்துக்கொண்டிருப்பாராம்.

அந்த உழைப்பின் உச்சம் 1959இல் பதிவான 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்'. நம் கச்சேரியில் ஆதார ஷட்ஜம் கடைசிவரை அசையாது. இந்தப் பாட்டிலோ மூன்று ஆதாரங்கள், கண் சிமிட்டும் நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன. பியானோவில் டாமி ஃபிளானகன், சாதாரணக் கலைஞர் அல்ல. அவருடைய முறை வரும்போது கவனியுங்கள். நன்றாகத்தான் தொடங்குகிறார். சற்று நேரத்தில் ஓட்டம் திக்கி, வெறும் கார்டுகளாக, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளாக, நின்றுவிடுகிறது. 1982இல் அவரே அதே பாட்டைத் திரும்ப எடுத்துப் பதிவு செய்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அதனால்தான்.

அப்புறம் கோல்ட்ரேன் நேர் எதிர்த் திசையில் நடந்தார். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் உண்மையான திருப்பம் இதுதான். 1960இல் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' எல்லோருக்கும் தெரிந்த நாடகப் பாட்டு. அதில் இரண்டே கார்டுகளின்மேல் வெகுநேரம் நின்று சொப்ரானோ சாக்ஸபோனில் வாசிக்கிறார். மறு ஆண்டு 'இந்தியா' என்றே ஒரு பாட்டு, தம்புராபோல ஒரே சுருதியின்மேல். ரவிசங்கரை ஊன்றிக் கேட்டவர் அவர். 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். வேகத்தில் யாராலும் எட்ட முடியாத இடத்துக்குப் போனவர், அதைத் தானே விட்டுவிட்டு ஒரே இடத்தில் ஆழம் தேடினார். இதற்குப் போதைக் கதையின் உதவி எதுவும் தேவையில்லை.

1964 டிசம்பரில் பதிவானது 'எ லவ் சுப்ரீம்', நான்கு பகுதிகள் கொண்ட இசைத்தட்டு. பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் உடன் வாசித்தார்கள். இதன் நான்காம் பகுதியைத் தாளத்துக்காகக் காத்திருக்காமல் கேளுங்கள். இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனை ஒன்று அச்சாகியிருக்கும். அதை அசை அசையாக சாக்ஸபோனில் சொல்கிறார். நல்ல நாதஸ்வரக்காரர் கீர்த்தனை வாசித்தால் சாகித்யம் காதில் விழுமே, அப்படி. பிரார்த்தனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கடவுளுக்கு நன்றி சொல்லும் இடங்கள் திரும்பத் திரும்ப வருவது தெளிவாகத் தெரியும்.

அதன்பின் டைனரும் எல்வினும் விலகினார்கள். 1967 ஜூலையில், நாற்பதே வயதில், கல்லீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. கடைசி இரண்டு ஆண்டுகளின் இசை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே எல்லாம் பிடிக்காது. ஆனால் டிரம்ஸுடன் மட்டும் வாசித்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' எனக்கு மிக நெருக்கமானது.

நீங்கள் 'அலபாமா'வில் தொடங்குங்கள், ஐந்து நிமிடம்தான். 1963இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானபின் வந்தது. பிறகு 'மை ஃபேவரிட் திங்ஸ்', அதற்குப்பின் 'எ லவ் சுப்ரீம்'. கோவைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தச் சச்சிதானந்தர் ஆலிஸின் குரு, உங்கள் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். இந்த நான்கையும் கேட்டுவிட்டு எழுதுங்கள், 'அசென்ஷன்' பற்றி அப்போது பேசுவோம்.